நான் இல்லை என்று நானே சொன்ன கதை: திருகோணமலையில் இருந்து ஒரு சுவிஸ் பயணத் திட்டம்

சுவிற்சர்லாந்துக்குப் பனியாறு பார்க்கப் போவது என்று நானும் என் கணவர் ரவீந்திரனும் முடிவெடுத்தது இந்த வருடம் தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை. ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில், ஒன்பது நாள். இந்தப் பதிவில் மலையும் பனியும் வராது. அதற்குப் போட்ட திட்டம், விசாவுக்காகக் கொழும்புக்குப் போய் வந்தது, அதன் பிறகு நான் செய்த ஒரு பெரும் பிழை, இவைதான் வரும். எங்கள் பக்கத்தில் இருந்து இப்படிப் போக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். விசா கிடைத்ததா என்பதைக் கடைசியில் சொல்கிறேன், எனக்கும் அது கடைசியில்தான் தெரிந்தது.

நான் திருகோணமலை நகரத்தில் இருபத்து நான்கு வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வெள்ளைச் சோக்கால் ஒரு பனியாறு கீறுவேன். அது மலையை எப்படி அரிக்கிறது, யூ வடிவப் பள்ளத்தாக்கு எப்படி உண்டாகிறது, அடித்துக்கொண்டு வந்த கல்லையும் மண்ணையும் எங்கே கொட்டுகிறது என்றெல்லாம் நேரில் பார்த்தவள் போலச் சொல்வேன். நான் வாழ்க்கையில் கண்ட மிகப் பெரிய பனிக்கட்டி மீன் வாடியில் உடைத்துப் போடுகிற கட்டிதான். ரவி உள்துறைமுகத்தில் ஒரு படகுப் பட்டறையில் இயந்திரம் திருத்துகிறவர். எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருட நாளில் நான் நகை கேட்பேன் என்று பயந்து, அவரே முந்திக்கொண்டு, “வசந்தி, நீ வருசா வருசம் கீறுற அந்த ஐஸ் ஆத்தைப் போய்ப் பாத்திட்டு வருவமே” என்றார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. லிப்டில் ஏறப் பயம், வங்கியில் கையெழுத்து வைக்கப் பயம், தபால்காரர் மணி அடித்தால் பயம். ஆகவே இந்தத் திட்டத்தின் ஒவ்வொரு படியிலும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. வாசிக்கிறவர்கள் அந்தப் புளியைக் கொஞ்சம் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் இதுதான். கொழும்பில் இருந்து ஒரு தரிப்போடு சூரிச். ஆளுக்குப் போய்வர 2,68,000 ரூபா. சூரிச்சில் இருந்து பிரிக் என்ற சின்ன நகரத்துக்கு ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. அங்கே ஒரு சிறிய விடுதியில் இரவுக்கு 96 பிராங்குக்கு அறை. பிரிக்கில் இருந்து பியெஷ் என்ற கிராமத்துக்கு ரயிலில் நாற்பது நிமிடம். அங்கே இருந்து கம்பி வண்டியில் மேலே ஏறினால், அலெட்ச் பனியாறு முழுக்கக் கண் முன்னால் கிடக்கும். அதன் நீளம் இருபது கிலோமீற்றர் அளவில். எங்கள் பஸ் நிலையத்தில் இருந்து பாலங்களைத் தாண்டிக் கிண்ணியா வரை வீதி முழுக்கப் பனிக்கட்டி என்று நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பில் படிக்கிற எங்கள் மகள்தான் பணம் கட்டாமல் முன்பதிவு செய்கிற வழிகளைக் கண்டுபிடித்துத் தந்தாள். விசா வரும் முன் விமானச் சீட்டுக்குக் காசு கட்டாதீர்கள், முன்பதிவுத் தாள் போதும்.

இனி எங்கள் ஊரின் சங்கடம். இங்கே இருந்து ஐரோப்பாவுக்குப் போனவர்கள் நிறையப் பேர். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஆகவே நான் வெளிநாட்டு விடுமுறைப் படிவத்தைப் பாடசாலை அலுவலகத்தில் கொடுத்த அன்றே இலிகிதர் கதவைச் சாத்திவிட்டு மெல்லக் கேட்டார்.

“டீச்சர், எங்களுக்கு மட்டும் சொல்லுங்கோ. திரும்பி வருவீங்கள்தானே?”

“ஓம் தம்பி. ஒன்பது நாள்தான்.”

“அங்க ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை. பனியாறு இருக்கு.”

அவர் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த நாள் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை வந்து, நான் போனபின் என் வெள்ளிக்கிழமைப் பாடவேளைகளை நிரந்தரமாகத் தனக்குத் தரச் சொல்லுமாறு கேட்டார். அதில் ஒரு குற்றமும் இல்லை, வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டு பாடம்தான்.

பாடசாலையில் தெரிந்துவிட்டது என்றதும் எனக்கு இன்னொரு பயம் பிடித்தது, நாவூறு. நல்ல காரியத்தை நடக்கும் முன்பு வாயைத் திறந்து சொன்னால் அது நடக்காது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். ஆகவே தெருவில் ஒருவருக்கும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். மதில் ஒன்றையே பங்குபோடுகிற பக்கத்து வீட்டுப் பரீதாவுக்குக்கூடச் சொல்லவில்லை. பத்தொன்பது வருடமாக நோன்புக் கஞ்சியும் பொங்கலும் மதிலுக்கு மேலால் மாற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். அவளிடம் மறைத்தது எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தாள்கள் சேர்க்க ஐந்து கிழமை போனது. வலயக் கல்வி அலுவலகத்தின் விடுமுறை அனுமதி, ரவியின் பட்டறைக் கடிதம், வங்கியின் ஆறு மாதக் கணக்கு, வீட்டு உறுதிப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பு, கிராம சேவையாளரின் வதிவுச் சான்றிதழ், காப்புறுதி. காப்புறுதி இரண்டு பேருக்கும் 14,500 ரூபா, அதற்கு முப்பதாயிரம் யூரோ வரை பொறுப்பு இருக்க வேண்டும், குறைந்தால் எடுக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் போட்டு அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன். காலையில் ஒரு தரம், படுக்கப் போகும் முன் ஒரு தரம் திறந்து பார்ப்பேன். “அது ஓடாதப்பா” என்று ரவி சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஜூன் மாதத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 6.15க்குக் கொழும்பு பஸ். குளிரூட்டிய பஸ், ஆளுக்கு 1,850 ரூபா. பஸ் நிலையத்தில், எங்கள் நகரத்துத் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று என் பைக்குள் மூக்கை விட்டது. கோப்பைத் தின்றுவிடும் என்று நான் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஏறினேன். கப்பல்துறை என்ற ஊருக்குக் கிட்ட வந்தபோது என் கை தன்பாட்டில் அடையாள அட்டையை எடுத்தது. யுத்தம் நடந்த காலத்தில் அந்த வீதியில் எல்லாரையும் இறக்கிச் சோதித்தபின்தான் ஏற்றுவார்கள். இப்போது அங்கே ஒன்றும் இல்லை, பஸ் வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை. ரவி என் கையைப் பார்த்தார், அட்டையை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கந்தளாயில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள், தேத்தண்ணி 60 ரூபா. பிறகு ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். கொழும்பில் இறங்கும்போது பிற்பகல் 1.40. ஏறக்குறைய 260 கிலோமீற்றர், ஏழரை மணித்தியாலம். அடுத்த நாள் காலை 9.30க்குத்தான் எங்கள் நேரம், இருந்தாலும் ஒரு நாள் முந்தியே போய்விடுங்கள். வழியில் டயர் ஒன்று காற்றுப் போனாலும் அந்த நேரம் போய்விடும், மறுபடி நேரம் எடுக்க எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு மூன்று கிழமை சென்றது.

இரவு தங்க வெள்ளவத்தைக்கு ஓட்டோ பிடித்தோம், 900 ரூபா. ஓட்டுகிறவர் மலையகத் தமிழர், கண்ணாடியில் எங்கள் கோப்பைக் கண்டுவிட்டார்.

“விசாவுக்கா அக்கா?”

“ஓம், நாளைக்கு.”

“எந்த நாடு?”

“சுவிஸ். சும்மா பாத்திட்டு வரப் போறம்.”

அவர் சிரித்தார். “எல்லாரும் அப்பிடித்தான் அக்கா சொல்றாங்க. பயப்படாதீங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

ரவிக்குச் சிரிப்பு. நான் கோப்பைப் பைக்குள் தள்ளினேன். ஐந்து நிமிடம் கண்ட ஓட்டோக்காரரே நம்பவில்லை என்றால், தினமும் எங்களைப் போல நூறு பேரைக் காண்கிறவர்கள் எப்படி நம்புவார்கள்? நாங்கள் உண்மையாகவே திரும்பி வருகிறவர்கள். அதை நிரூபிக்க எங்களிடம் தாள்கள்தான் இருந்தன, திரும்பி வராதவர்களிடமும் அதே தாள்கள்தான் இருந்திருக்கும்.

அடுத்த நாள் விசா நிலையத்தில் இரண்டு மணித்தியாலம். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, அதை ரூபாவில் வாங்குகிறார்கள், சேவைக் கட்டணம் வேறு. விரல் அடையாளம் எடுக்கும்போது என் விரல்கள் வியர்த்து இயந்திரம் இரண்டு தரம் மறுத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையானவர். எதற்குப் போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பனியாறு பார்க்க என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். பயத்தில் நான் பனியாறு எப்படி உண்டாகிறது என்பதில் தொடங்கி, அது கல்லைக் கொண்டுவந்து கொட்டுகிற இடம் வரைக்கும் போய்விட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நன்றி டீச்சர்” என்றார். நான் ஆசிரியை என்று அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பிறகு ஒரு தாளைத் தந்து தொடர்பு இலக்கங்களை எழுதச் சொன்னார். வகுப்பில் கைத்தொலைபேசியை அணைத்து வைப்பேன் என்பதால் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை எழுதினேன். நீங்கள் கிடைக்காவிட்டால் யாரைக் கூப்பிடலாம் என்று இன்னொரு கட்டம். பரீதாவின் இலக்கம்தான் எனக்கு மனப்பாடம், அதை எழுதினேன். உறுதிப்படுத்துவதற்குச் சில வேளை கூப்பிடுவார்கள் என்று அவர் சொன்னார். நான் தலையாட்டினேன். அன்று மாலை பஸ்ஸில் ஏறியபோது எனக்கு என்றுமில்லாத நிம்மதி. வெண்ணெய் திரண்டு வரும்போதுதான் தாழி உடையும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஒன்பதாவது நாள், வேலை நாள். நான் பாடசாலையால் வந்து, குசினியில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். நேரம் பின்னேரம் மூன்று மணி இருக்கும். வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஒரு ஆண் குரல், எங்கள் பக்கத்துத் தமிழ் இல்லை. தான் யார் என்று சொல்லவில்லை. முதல் வார்த்தையாகவே என் முழுப் பெயரைச் சொன்னார், தகப்பன் பெயரோடு.

“கணபதிப்பிள்ளை வசந்தமலர்னு யாராவது அங்க இருக்காங்களா?”

என் வாய் சொன்னது, “அப்பிடி ஒரு ஆளும் இஞ்ச இல்லை.”

“ரவீந்திரன்?”

“இல்லை. பிழையான நம்பர்.”

வைத்துவிட்டேன். வைத்துவிட்டு நேரே போய்ப் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பிறகு வந்து மீனின் மிச்சத்தை வெட்டினேன். மஞ்சள் தடவினேன், உப்புப் போட்டேன். கை கழுவும்போதுதான் நான் என்ன செய்தேன் என்று விளங்கியது. குசினித் தரையிலேயே இருந்துவிட்டேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்வார்கள். என்னை அரளவைத்தது எது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. நாங்கள் இருந்தது இதே வீடு, அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. ஒரு நாள் காலையில் வாசல் படலையில் மூன்று பேர் வந்து நின்றார்கள். அந்தக் காலத்தில் அப்படி வந்தவர்கள் பல வகை, யார் என்று எழுதி இனி ஆகப் போவது ஒன்றுமில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்கள். “சிவகுமார் நிக்கிறாரோ தங்கச்சி?” சிவகுமார் என் அண்ணன், பத்தொன்பது வயது. பொய் சொல்லக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை நான். “ஓம், நிக்கிறார். குளிக்கிறார்” என்றேன். அவர்கள் கிணற்றடிக்குப் போனார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்னும் அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் ஒரே பதில்தான், அப்படி ஒரு ஆளும் இங்கே இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, இந்தத் தெருவிலேயே அப்படித்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு காரணம். அம்மா ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நான் தரையில் இருந்த நேரம் மதிலுக்கு மேலால் பரீதா கூப்பிட்டாள். எழும்பிப் போனேன். அவள் முகத்தில் ஒரு பெருமை.

“டீச்சர், இப்ப எனக்கு ஒரு கோல் வந்த. ஒரு ஆள் உங்கட பேரையும் ரவி சேர்ர பேரையும் சொல்லிக் கேட்டான். கொழும்பில இருந்தாம், ஏதோ எப்ளிகேசனாம்.”

“நீ என்ன சொன்னனீ?”

“நான் விடுவனா? அப்பிடி ஆக்கள் இந்த ரோட்டுலயே இல்லெண்டு சொல்லிட்டன். பொறகும் கேட்டான். நான் இங்க வந்து பத்தொன்பது வருசம், எனக்குத் தெரியாம ஒரு ஆள் இங்க இருக்க ஏலாதெண்டு நல்லாக் குடுத்திட்டன். நீங்க பயப்படாதீங்க.”

நான் மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் பதறிப்போய்க் கதிரை ஒன்றை மதிலோடு வைத்து ஏறி என் தோளைப் பிடித்தாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், பனியாறு, விசா, அவள் இலக்கம், நாவூறு. அவள் கதிரையில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னட்டச் சொல்லியிருந்தா நான் இருக்கிறாங்கண்டு சொல்லியிருப்பனே டீச்சர்” என்றாள் பிறகு. கோபமாகச் சொல்லவில்லை, அது இன்னும் சுட்டது.

ரவி ஐந்தரைக்கு வந்தார். கேட்டுவிட்டு, “இல்லாத ஆக்களுக்கு ஆர் விசா குடுப்பான்?” என்று சிரிக்கப் பார்த்தார், என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். எங்கள் தொலைபேசியில் வந்த இலக்கம் தெரியாது. பரீதாவின் கைத்தொலைபேசியில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மின்னஞ்சல்தான் மிச்சம். முதலில் தொலைபேசி பழுது என்று எழுதினேன். ரவி தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு, “பொய்யை மூட இன்னொரு பொய்யோ?” என்றார். அழித்தேன்.

இங்கேதான் நான் உண்மையில் பயந்தேன். இதுவரை எழுதிய பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஏன் இல்லை என்று சொன்னேன் என்பதை உள்ளபடி எழுதினால் என்ன ஆகும்? படலையில் வந்து கேட்டார்கள், அண்ணனைக் கொண்டுபோனார்கள், இன்னும் பயமாக இருக்கிறது. இது திரும்பி வராதவர்கள் அங்கே போய் அகதித் தஞ்சம் கேட்கும்போது சொல்கிற கதை. அவர்களில் பலருக்கு அது உண்மைக் கதை, நான் ஒருவரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அதை நான் எழுதிய அந்த நிமிடமே பனியாறு பார்க்கப் போகிற புவியியல் ஆசிரியை காணாமல் போய்விடுவாள். எழுதாவிட்டால் நான் இல்லாத ஆள், எழுதினால் திரும்பி வராத ஆள்.

அடுத்த நாள் பாடசாலையில் ஓய்வுப் பாடவேளையில் எழுதினேன், ஆங்கிலத்தில் பத்து வரி. தமிழில் இப்படி வரும்: “நேற்றுப் பிற்பகல் அப்படி ஒருவர் இல்லை என்று சொன்னது நான்தான். எங்கள் பக்கத்து வீட்டுக்காரியும் என்னைக் காப்பாற்ற நினைத்தே அப்படிச் சொன்னார். எனக்குப் பதின்மூன்று வயதில் எங்கள் வாசலில் என் அண்ணனைக் கேட்டார்கள். இருக்கிறார் என்றேன். அவர் திரும்பி வரவில்லை. அதன் பின் பெயரைக் கேட்கும் எந்தக் குரலுக்கும் இல்லை என்று சொல்லிப் பழகிவிட்டேன். எனக்குப் பயம் இருப்பது உண்மை. அந்தப் பயத்தோடுதான் இதே வீட்டில் இத்தனை வருடம் இருக்கிறேன், அண்ணன் வந்தால் இந்த வீட்டுக்குத்தான் வருவார். ஆகவே ஒன்பது நாளுக்கு மேல் நான் வெளியே நிற்க மாட்டேன். செப்டெம்பரில் பத்தாம் வகுப்புக்குப் பனியாறு படிப்பிக்க வேண்டும்.”

அனுப்புகிற பொத்தானை அழுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து ரவியிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார். அண்ணன் வந்தால் என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றார். இருபத்தைந்து வருடத்தில் நான் அதை அவரிடம் ஒரு தரமும் சொன்னதில்லை. பிறகு அவரே அழுத்தினார். கடிதம் கிடைத்தது, கோப்பில் சேர்க்கப்பட்டது என்று இரண்டு நாள் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது.

பதின்மூன்று நாள் காத்திருந்தோம். அந்த நாட்களில் இந்த வழியில் வருகிறவர்களுக்கென்று சிலவற்றைக் குறித்து வைத்தேன். கைத்தொலைபேசி இலக்கத்தையே கொடுங்கள், வகுப்பில் இருந்தாலும் அதிர வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய இலக்கத்தை எழுதுகிறீர்களோ அவருக்கு முதலே சொல்லுங்கள், நாவூறு பார்க்காதீர்கள், அதற்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போடலாம், இதற்கு ஒன்றும் போட முடியாது. வேலைத் தலத்திலும் சொல்லி வையுங்கள். தெரியாத குரல் பெயரைக் கேட்டால் உடனே ஒன்றும் சொல்லாமல், நீங்கள் ஆர், எங்கே இருந்து கதைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். இவ்வளவு இலகுவான கேள்வியை ஒரு ஆயுட்காலம் முழுக்க நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று ஒருவரும் சொல்லித் தரவும் இல்லை. விசா நிலையத்தில் எதற்குப் போகிறீர்கள் என்றால் ஒரு வரியில் பதில் சொல்லுங்கள், பாடம் நடத்தாதீர்கள்.

பதினான்காம் நாள் சனிக்கிழமை. காலை பத்து மணி. பரீதா மதிலுக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் முற்றத்தில் தேங்காய் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். படலைக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தலைக்கவசம் கழற்றாத ஒரு ஆள், தோளில் பை. என்னைக் கண்டு படலைக்கு மேலால் கேட்டார்.

“ரவீந்திரன் எண்டவர் நிக்கிறாரோ அக்கா?”

பரீதாவின் கை கொடியில் அப்படியே நின்றதைக் கண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். இந்த முறை அவள் வாயைத் திறக்கவில்லை, எனக்கு விட்டுவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் வாளித் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நீங்கள் ஆர் என்று கேட்க வேண்டும் என்று நானே எழுதி வைத்தது நினைவில் இருந்தது. ஆனால் எனக்கு வாயில் வந்தது வேறு.

“ஓம், நிக்கிறார்” என்றேன். “குளிக்கிறார்.”

சொல்லி முடித்தபோது என் கையில் இருந்த மட்டை கீழே கிடந்தது. அந்த இரண்டு சொற்களையும் சேர்த்துப் பதின்மூன்று வயதுக்குப் பிறகு நான் சொன்னதே இல்லை. ரவி கிணற்றடியில் நிற்கும்போது யாராவது கேட்டால் கடைக்குப் போய்விட்டார் என்றுதான் சொல்வேன். அது அவருக்கே தெரியாது.

“கையெழுத்து வேணும் அக்கா, கொழும்பில இருந்து பார்சல்” என்றார் அந்த ஆள், தலைக்கவசத்தைக் கழற்றியபடி.

நான் கிணற்றடிக்குப் போனேன். ரவி துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, காதில் சவர்க்காரத்தோடு நின்றார். “ஆரப்பா?” என்று கேட்டார்.

“உங்களைத்தான் கேக்கினம்.”

அவர் படலைக்குப் போனார். நானும் பின்னால் போனேன், படலை வரைக்கும், அவர் முதுகைப் பார்த்தபடி. அண்ணனின் பின்னால் அன்றைக்கு நான் போகவில்லை, நிச்சயமாக வந்துவிடுவார் என்று நினைத்து முற்றத்திலேயே நின்றுவிட்டேன்.

ரவி ஈரக் கையோடு கையெழுத்து வைத்தார், உறையை வாங்கினார், அந்த ஆளிடம் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம், நிலாவெளிக்கு இன்னும் இரண்டு பார்சல் இருக்கிறது என்று அவர் போய்விட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் பரீதா அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னது கேட்டது. உறையைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை என்பதால் அவரே பிரித்தார். இரண்டு கடவுச்சீட்டிலும் விசா இருந்தது, பதினைந்து நாளுக்கு.

அதைப் பார்த்ததை விட எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்திய நிமிடம்தான். கையெழுத்து வைத்து முடித்து, படலையைச் சாத்திவிட்டு, ரவி திரும்பி வீட்டுக்குள் வந்தார்.